பிரான்சில் தேவாலயக் கட்டடங்களும் அவற்றைப் பயன்படுத்தும் உரிமையும்

பிரான்சில் இசை நிகழ்ச்சிகளையும் சங்க விழாக்களையும் நடத்துவோருக்கு வழக்கறிஞராக ஆலோசனை வழங்கும்போது, மேயர் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "தேவாலயம் நகரசபைக்குச் சொந்தம், நகரசபையே ஒப்புக்கொண்டுவிட்டது, இனி என்ன தடை?" என்று கேட்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். தடை இருக்கிறது: அந்த ஆலயத்தின் பொறுப்புக் குருவான பங்குத்தந்தையின் ஒப்புதலும் வேண்டும். அழைப்பிதழ் அச்சாகி, கலைஞர்களுக்கு முன்பணமும் கொடுத்த பிறகு அதை அறிய நேர்வது வேதனையானது என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905 டிசம்பர் 9ஆம் தேதிச் சட்டம், வழிபாட்டுச் சங்கங்களை அமைத்து ஆலயச் சொத்துக்களை ஏற்றுக்கொள்ளுமாறு எல்லாச் சமயத்தவரையும் கேட்டுக்கொண்டது. புரட்டஸ்தாந்தரும் யூதரும் அவ்வாறே செய்தனர். திருத்தந்தை பத்தாம் பயஸ் மறுத்துவிட்டதால் கத்தோலிக்கர் செய்யவில்லை. அதன் விளைவாக, 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பழைய பங்கு ஆலயங்கள் அந்தந்த ஊராட்சிகளுக்கு, அதாவது மேயரும் நகரசபையும் நிர்வகிக்கும் ஊர்களுக்கு, சொந்தமாயின. 87 பேராலயங்கள் அரசுக்குச் சொந்தம். 1905க்குப் பின் கட்டப்பட்டவை பெரும்பாலும் ஆயரின் ஆளுகைப் பகுதியான மறைமாவட்டத்தின் சங்கங்களுக்கு உரியவை. ஆகவே கட்டடம் எழுந்த ஆண்டை முதலில் விசாரிக்க வேண்டும். அல்சாஸ், மொசேல் பகுதிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது.

உரிமை கைமாறினாலும் பயன்பாடு கைமாறவில்லை. 1907 ஜனவரி 2ஆம் தேதிச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, இந்த ஆலயங்களும் அவற்றிலுள்ள பொருட்களும் வழிபாட்டுக்காக விசுவாசிகளுக்கும் குருக்களுக்கும் தொடர்ந்து விடப்பட்டிருக்கும் என்கிறது. இதற்கு வாடகை இல்லை, காலவரம்பும் இல்லை. ஆயர் நியமித்த பங்குத்தந்தையே உள்ளே எது நடக்கலாம் என்று முடிவு செய்கிறார். சாவி விஷயத்திலேயே இது தெளிவாகத் தெரியும். 1906ஆம் ஆண்டு ஆணையின்படி மேயரிடம் இருக்க வேண்டியது மணிக்கூண்டின் சாவிதான், அதையும் பொதுத் தேவைக்காக மணி ஒலிக்கவும் பொதுக் கடிகாரத்தைப் பராமரிக்கவும் மட்டுமே அவர் பயன்படுத்தலாம். மணிக்கூண்டுக்குத் தனி வழி இல்லாத இடத்தில்தான் ஆலயக் கதவின் சாவியும் அவரிடம் தரப்படும்.

பங்குத்தந்தையின் ஒப்புதலைப் பெறாமல் மேயர் இசைவு தருவது எத்தகைய தவறு என்பதை, மாசா என்ற ஊர் தொடர்பாக 2005 ஆகஸ்டில் பிறந்த உத்தரவில் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றமான அரச ஆலோசனை மன்றம் விளக்கியது. வழிபாட்டுச் சுதந்திரம் அடிப்படைச் சுதந்திரம். அதற்கு வேண்டிய கட்டடத்தைத் தடையின்றிப் பயன்படுத்துவதும் அதில் அடங்கும் என்றது. அடிப்படைச் சுதந்திரம் மீறப்படுவதாகத் தரப்படும் இத்தகைய அவசர மனுவில் நீதிபதி 48 மணி நேரத்துக்குள் உத்தரவிட முடியும். அதாவது, நிகழ்ச்சிக்கு முந்தைய நாளிலும் அது நிறுத்தப்படலாம்.

கட்டணத்துக்கும் இதே நெறிதான். 1905 சட்டத்தின் 17ஆம் பிரிவு ஆலயத்தைப் பார்வையிடக் கட்டணம் கூடாது என்கிறது. நோத்ர்-டாம் பேராலயம் மீண்டும் திறக்கவிருந்த 2024இல் கலாசார அமைச்சர் நுழைவுக் கட்டணம் கேட்டபோது, உரிமையாளர் அரசாக இருந்தும் மறைமாவட்டம் ஏற்காததால் அது நடக்கவில்லை. ஆனால் கோபுரங்களில் ஏறுவதற்குக் கட்டணம் உண்டு. தனி வழியுடன், வழிபாட்டிலிருந்து பிரித்துப் பார்க்கக்கூடிய பகுதிக்கு விதி வேறுபடும்.

இதனால் பங்குத்தந்தை உரிமையாளராகிவிடவில்லை. சுவரைத் துளைக்கவும் மின்கம்பியை மாற்றவும் ஊராட்சியின் இசைவு வேண்டும். ஆலயம் வழிபாட்டுக்கே ஒதுக்கப்பட்டது என்பதால், அதன் புனிதத்துக்குப் பொருந்தாத நிகழ்ச்சிக்கு அவரும் இடம் தர முடியாது. வழிபாடு 6 மாதம் நின்றுபோனாலே ஆலயம் தானாக ஊராட்சியின் மண்டபமாகிவிடும் என்ற எண்ணமும் தவறு. ஆலயத்தை வழிபாட்டு ஒதுக்கீட்டிலிருந்து விலக்கக் கோருவதற்கான ஒரு காரணம் மட்டுமே அது. அப்படி விலக்க, வழக்கமாக நகரசபையின் தீர்மானமும், திருச்சபையின் எழுத்துமூலச் சம்மதமும், மாவட்ட ஆட்சியரின் ஆணையும் வேண்டும்.

எனவே முதல் கடிதத்தைப் பங்குத்தந்தைக்கு எழுதுங்கள். பாடல்களின் பட்டியலையும், பாடல் வரிகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும், மேடை எங்கே அமையும், நற்கருணை அப்பம் வைக்கப்படும் பேழைக்கு முன் யார் நிற்பார்கள் என்பதையும் அதில் சொல்லிவிடுங்கள். அவருடைய பதில் எழுத்தில் வந்த பின் நகரசபைக்கு எழுதி, எத்தனை பேரை அனுமதிக்கலாம், வெளியேறும் வழிகள் எவை, காப்புறுதி யாருடையது என்று கேளுங்கள். நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்பதாக இருந்தால், அந்த வருமானத்தைப் பகிர்வது பற்றி இரு தரப்பும் கையொப்பமிட்ட உடன்பாடு கையில் இருக்கும்வரை அழைப்பிதழை அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள்.