சுற்றிப் போனால் சீக்கிரம் போகலாம்

டெல்லி ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் இருக்கும் தமிழ்ப் பெற்றோர்களில், மகனையோ மகளையோ பார்க்க சான் பிரான்சிஸ்கோ போய் வந்தவர்கள் உண்டு. முன்சீட்டுத் திரையில் விமானம் ஜப்பான் பக்கம் போவதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அமெரிக்கா மேற்கேதானே இருக்கிறது?

சுவரில் தொங்கும் வரைபடத்தில் அப்படித்தான். உருண்டையில் பார்த்தால் டெல்லி 77 டிகிரி கிழக்கு, சான் பிரான்சிஸ்கோ 122 டிகிரி மேற்கு. மேற்காகப் போனால் இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 200 டிகிரி, கிழக்காகப் போனால் 160தான். பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது சீனா, சைபீரியா வழியாக ஆர்க்டிக் வரை ஏறி, அலாஸ்கா பக்கம் இறங்கும். நீளம் ஏறக்குறைய 12,400 கி.மீ. இருப்பதிலேயே குறுக்கு வழி அதுதான்.

ஆனால் அந்த நூலின் மேலேயே பறப்பது லேசில்லை. இமயமும் திபெத்தும் நடுவில் நிற்கின்றன. கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால், ஆக்ஸிஜன் முகமூடி தீர்வதற்குள் விமானம் சுமார் 3 கி.மீ. உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் தரையே சராசரியாக நாலரை கி.மீ. உயரம். எங்கே இறங்குவது?

சரி, சுற்றித்தான் போக வேண்டும் என்றால் எந்தப் பக்கம் சுற்றுவது? ஏர் இந்தியா முதலில் அட்லாண்டிக் வழியாகப் பறந்தது, சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாறியது, சுமார் 15,300 கி.மீ. தூரம் 1,400 கி.மீ. கூடியது, நேரமோ கிட்டத்தட்ட இரண்டு மணி குறைந்தது. பதினான்கரை மணி நேரத்தில் போய் இறங்கிவிட்டார்கள். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 1,050 கி.மீ.க்கு மேல் வருகிறது. அந்த ரக விமானம் அசையாத காற்றில் 900 போகும். மிச்ச வேகம் காற்று கொடுத்தது.

அந்தக் காற்றுக்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தால், 10 கி.மீ. உயரத்தில் காற்று துருவம் நோக்கித் தள்ளப்படுகிறது. பூமி சுழல்வதால் அது கிழக்கே திரும்பி, மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல ஓடுகிறது. மணிக்கு 150, 200 கி.மீ. சர்வ சாதாரணம். குளிர்காலத்தில் வெப்ப வித்தியாசம் கூடுவதால் இன்னும் வேகமெடுக்கும். அட்லாண்டிக் வழியில் இதே காற்றை எதிர்த்து எரிபொருளைக் கொட்ட வேண்டும். அதனால்தான் விமானிகள் தரையில் கணக்கிடும் தூரத்தைவிடக் காற்றில் கடக்கும் தூரத்தையே பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே ஊருக்குப் போகும் நேரமும் திரும்பும் நேரமும் வேறுபடுவதும் இதனால்தான்.

அப்புறம், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரங்களை அப்படியே கழித்துப் பார்க்காதீர்கள். கோடைக்காலத்தில் அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. கோடையில் டெல்லியில் அதிகாலை 4 மணிக்கு ஏறி 15 மணி நேரம் பறந்தாலும், அங்கே இறங்கும்போது அதே தேதி, காலை ஆறரைதான்.