கரமாண்டில் புத்தகம் கோப்பவர்களுக்கு

நீளமாக வாசிக்க வேண்டிய ஆங்கிலப் புத்தகத்துக்குக் கரமாண்ட் எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. டைம்ஸ் எழுத்துருவுக்கு வைத்துப் பழகிய அளவையே இதற்கும் வைக்கும்போதுதான் பக்கம் கெடுகிறது.

கரமாண்டின் சிற்றெழுத்துகள் குள்ளம். 12 பாயின்டில் அதன் சின்ன 'எக்ஸ்' ஏறத்தாழ 4.8 பாயின்ட் உயரம்தான்; டைம்ஸ் நியூ ரோமனில் அது 5.4. ஆகவே டைம்ஸில் 10.5 போடும் இடத்தில் இதை 11.5 அல்லது 12 வைக்க வேண்டும். டெமி அளவுப் (வழக்கமான நாவல் அளவு) புத்தகத்தை 11.5 எழுத்து, 14.5 லெடிங் (வரிக்கு வரி உள்ள தூரம்), வரிக்கு 60 முதல் 68 எழுத்துகள் என்று தொடங்கிப் பாருங்கள். இணையப் பக்கத்தில் 16 பிக்சல் போதாது, 19 அல்லது 20 வேண்டும்.

2014-இல் அமெரிக்கப் பள்ளி மாணவர் ஒருவர், அரசு அலுவலகங்கள் கரமாண்டுக்கு மாறினால் மை மிச்சமாகும் என்று கணக்குக் காட்டியது பெரிய செய்தியானது. கணக்கின் ஓட்டை இதே குள்ளம்தான். டைம்ஸ் உயரத்துக்குப் பெரிதாக்கினால் மிச்சமானதில் பெரும்பகுதி காணாமல் போய்விடும்.

அடுத்து, எந்தக் கரமாண்ட்? பாரீசில் அச்செழுத்து வெட்டிய கிளோத் கரமாண்ட் 1561-இல் இறந்தார். வேர்டில் 'கரமாண்ட்' என்ற பெயரில் கிடைப்பது மோனோடைப் நிறுவனத்தின் எழுத்து; அதன் மூலம் அவருக்கு இரண்டு தலைமுறை பிந்திய ஜான் ஜனோன் வெட்டியது. ஜனோன் வெட்டியதும் கரமாண்டுடையது என்றே வெகுகாலம் நம்பினார்கள்; 1926-இல் அச்செழுத்து ஆய்வாளர் பியட்ரிஸ் வார்ட் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். 'எம்', 'என்', 'ஆர்' எழுத்துகளின் இடது மேல்முனையைப் பாருங்கள்: குடைந்தெடுத்தது போலச் செங்குத்தாக வளைந்திருந்தால் ஜனோன். அசலுக்கு நெருக்கமாக வேண்டுமென்றால் அடோபி கரமாண்ட், அல்லது 1592-ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் மாதிரித் தாளைப் பார்த்து வரைந்த, இலவசமான ஈபி கரமாண்ட்.

கரமாண்டின் மெல்லிய கோடுகள் ஈய அச்செழுத்துக் காலத்துக்குரியவை. ஈரத்தாளில் அழுத்தி அடித்ததால் மை கசிந்து கோடு தடித்தது. இன்றைய ஆஃப்செட் அச்சில் அந்தக் கசிவு குறைவு; பளபளப்பான ஆர்ட் தாளில் எழுத்து நோஞ்சானாகத் தெரியும். மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாளே பொருத்தம். எழுத்தை 100 சதவீதக் கறுப்பில் மட்டும் விடுங்கள். 70 சதவீதச் சாம்பல் என்றால் அது புள்ளிகளாக உடைந்து செரீஃப் முனைகளை (கோடுகளின் நுனியில் உள்ள சிறு கால்களை) தின்றுவிடும். நான்கு வண்ண மைகளையும் சேர்த்து அடிக்கும் கறுப்பு இன்னும் மோசம்: அச்சுத் தகடு மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிறம் எட்டிப் பார்க்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக 9 பாயின்ட் கரமாண்ட் வேண்டவே வேண்டாம், மை உள்ளே புகுந்து கோடுகளை அடைத்துவிடும்.

'எஃப்' எழுத்தின் கொக்கி அடுத்த 'ஐ'யின் புள்ளியில் மோதும், இரண்டையும் ஒரே எழுத்தாக இணைக்கும் லிகேச்சரை இயக்கிவிடுங்கள். வரிக்குள் வரும் ஆண்டுகளுக்குச் சிற்றெழுத்துகள் போல உயரம் மாறும் பழைய பாணி எண்கள் அழகு. அட்டவணையில் அவை ஏறியிறங்கிக் குழப்பும், அங்கே சம அகல எண்கள்தான்.

வேர்டோடு வரும் கரமாண்டில் போல்ட் உண்டு, இட்டாலிக் உண்டு, போல்ட் இட்டாலிக் கிடையாது. இரண்டு பொத்தானையும் அழுத்தினால் மென்பொருளே தடிக்க வைத்துப் போலியாக ஒன்றைச் செய்துதரும். துணைத்தலைப்புக்கு அதைப் போடாமல் வெறும் இட்டாலிக்கை ஒரு பாயின்ட் கூட்டி வையுங்கள்.