பின் டிரெய்லியரின் கேஜ் நீளம்: வாங்குமுன் பற்களை எண்ணுங்கள்

சென்ற மழைக்காலத்தில், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள என் சைக்கிள் பட்டறைக்குத் தோட்டத்துத் தம்பி ஒருவர் தம் வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். கியர் மாற்றும்போது சங்கிலியைப் பற்சக்கரம் விட்டுப் பற்சக்கரம் நகர்த்தும் பின் டிரெய்லியர் ஆரக்கம்பிகளுக்குள் புகுந்து முறுக்கிக்கொண்டு, அதைத் தாங்கும் ஹேங்கர் இரண்டாக ஒடிந்திருந்தது. மேட்டில் மிதிப்பது இலகுவாகட்டும் என்று, 28 பல் வரை இருந்த பின் பற்சக்கர அடுக்கைக் கழற்றிவிட்டு 34 பல் வரை உள்ளதை மாட்டியிருந்தார். வேறெதையும் மாற்ற வேண்டாம் என்று விற்ற கடையில் சொன்னார்களாம். அவர் கீழே விழாதது பெரிய நிம்மதி.

டிரெய்லியரில் இரண்டு சிறு உருளைகளைத் தாங்கும் சட்டமே கேஜ். அது நீளமாக இருக்கும் அளவுக்கு, மிஞ்சும் சங்கிலியை இழுத்துப் பிடிக்கும். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை எளிதில் கணக்கிடலாம். அந்தத் தம்பியின் முன் பற்சக்கரங்கள் 42 பல் முதல் 24 பல் வரை, வேறுபாடு 18; பின்னால் 14 முதல் 28 வரை, வேறுபாடு 14; கூட்டினால் 32. அவருடைய டிரெய்லியர் சமாளிக்கும் கூட்டுத்தொகை, அதாவது கொள்ளளவு, 34 என்பதால் அதுவரை தொல்லை இல்லை. புதிய பற்சக்கர அடுக்கால் கூட்டுத்தொகை 38 ஆனது. பழைய நீளத்திலேயே விடப்பட்ட சங்கிலி, முன்னால் பெரிய பற்சக்கரத்தில் இருக்கும்போது பின்னாலும் பெரியதற்கு ஏறியபோது எட்டாமல் டிரெய்லியரைப் பிடுங்கிவிட்டது.

கொள்ளளவோடு, டிரெய்லியர் தாங்கக்கூடிய மிகப் பெரிய பின் பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். இவை தனித்தனி வரம்புகள். ஷிமானோ நிறுவனத்தின் 105 ஆர்7000 வரிசை டிரெய்லியர்களில், எஸ்எஸ் எனும் குட்டைக் கேஜுக்கு 30 பல்லும் 35 கொள்ளளவும், ஜிஎஸ் எனும் அதைவிட நீளமானதற்கு 34 பல்லும் 39 கொள்ளளவும் வரம்பு.

அப்படியானால் எப்போதும் நீளமானதையே வாங்கலாமே என்பார்கள். செம்பனைத் தோட்டப் பாதையில் அதை நான் பரிந்துரைப்பதில்லை. தாழத் தொங்கும் கேஜில் காய்ந்த மட்டையும் புல்லும் எளிதாகச் சிக்கும். முன்னால் ஒரே பற்சக்கரம் இருந்தால் பின் வேறுபாட்டை மட்டும் கணக்கிட்டால் போதும் என்பதால், பெரும்பாலும் நடுத்தர நீளமே ஈடுகொடுக்கும்.

தம்பிக்கு 43 கொள்ளளவும் 34 பல் வரம்பும் உள்ள டிரெய்லியரைப் பொருத்தினேன். பின் சஸ்பென்ஷன் (அதிர்வுதாங்கி) இல்லாத வண்டி அது; அதற்கெனச் சங்கிலிக்குக் கூடுதல் நீளம் விட வேண்டியதில்லை. ஆகவே புதுச் சங்கிலியை டிரெய்லியருக்குள் கோக்காமல் முன்னும் பின்னும் உள்ள மிகப் பெரிய பற்சக்கரங்களைச் சுற்றவைத்து, அதற்கு மேல் ஓர் அங்குலம் விட்டு வெட்டினேன். பிறகு வண்டியைத் தாங்கியில் ஏற்றி, முன் பெரியதிலிருந்து பின் பெரியதற்கு மெதுவாக, கையாலேயே மிதிகட்டையைச் சுற்றிப் பார்த்த பின்னரே அவரிடம் கொடுத்தேன்.