'மெஷ்' வலைப்பின்னல் ஆகுமா?

பெங்களூரில் ஆண்டெனா வடிவமைக்கும் தமிழர்கள் 'மெஷ் போட்டாச்சா?' என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். பேச்சில் குழப்பமே இல்லை. எழுத உட்கார்ந்தால்தான் எங்கிருந்தோ 'வலைப்பின்னல்' வந்து நிற்கிறது. வலைப்பின்னல் என்றால் நெட்வொர்க், கணினிகளை இணைப்பது. இங்கே யாரும் எதையும் இணைக்கவில்லை; கணினியில் கணக்கிட வசதியாக ஆண்டெனாவைச் சிறுசிறு துண்டுகளாகப் பகுக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் மெஷ் என்பது முதலில் வலையின் ஓட்டை. பிறகுதான் முழு வலைக்கும் ஆனது. அந்த ஓட்டைக்குத் தமிழில் 'கண்' என்று பெயர். சல்லடைக்கும் கண் உண்டு. அவ்வளவுதான் வரலாறு.

மின்காந்த அலைகளின் போக்கைச் சொல்லும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளை முழு ஆண்டெனாவுக்கும் ஒரே வீச்சில் தீர்க்க முடியாது. ஆகவே மென்பொருள் செம்பு, பலகை, சுற்றியுள்ள காற்று எல்லாவற்றையும் நான்முகிகளாகவோ (நான்கு முக்கோண முகம் கொண்டவை) செங்கல் போன்ற செங்கட்டிகளாகவோ பகுக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு கண். அதன் அளவை அலைநீளம் சொல்லும்: 2.45 கிகாஹெர்ட்ஸில் காற்றில் சுமார் 122 மி.மீ.; ஒப்புமை விடுதிறன் (பொருளுக்குள் அலைநீளம் எவ்வளவு சுருங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 4.4 உள்ள எஃப்ஆர்-4 என்ற கண்ணாடியிழைப் பலகைக்குள் சுமார் 58. பலகைக்குள் ஓர் அலைநீளத்துக்கு 20 கண் என்றால், கண் 3 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பலகையின் தடிமனோ 1.6 மி.மீ.தான். இந்தக் கணக்கை மட்டும் நம்பினால் தடிமனில் ஒரே கண் விழும், கணக்கில் வரும் ஒத்ததிர்வு அதிர்வெண் (ஆண்டெனா இயல்பாக அதிரும் அதிர்வெண்) நகர்ந்துவிடும். அங்கே மூன்று நான்கு கண்ணாவது வேண்டும். அதற்காகக் கண்டபடி சிறிதாக்கவும் முடியாது. செங்கட்டிகளில் நேரத்தைச் சிறுசிறு அடிகளாக நகர்த்தித் தீர்க்கும் முறையில், இரண்டு தகடுகளின் விளிம்பு 0.01 மி.மீ. பிசகி ஒரு மயிரிழைக் கண் விழுந்தால் போதும். நேர அடி அதற்கேற்பச் சுருங்கி, மொத்தக் கணக்கும் இழுத்துக்கொண்டே போகும்.

இப்போது 'வலைப்பின்னலின் அளவு 3 மி.மீ.' என்று எழுதிப் பாருங்கள். ஆண்டெனாவே 3 மி.மீ. என்று படிப்பவர் நினைப்பார். 'மெஷ்ஷை ரிஃபைன் செய்' என்பதற்கு 'வலைப்பின்னலைச் செம்மைப்படுத்துக' என்பது இன்னும் மோசம். செம்மைப்படுத்த இது என்ன கையெழுத்துப் பிரதியா? மின்காந்தப் புலம் வேகமாக மாறும் செம்பு விளிம்பிலும், மின்சாரம் ஊட்டும் ஊட்டுமுனையிலும் கண்ணை நெருக்கி மறுபடி தீர்க்க வேண்டும். அடுத்தடுத்த சுற்றுகளில் எஸ்-அளபுருக்களின் (ஊட்டிய அலையில் எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு கடக்கிறது என்று சொல்லும் எண்கள்) மாற்றம், வழக்கமாக, 0.02-க்குக் கீழே வரும்வரை. 'கண்ணை நெருக்கு' என்றால் முடிந்தது.

'கட்டம்' என்பாரும் உண்டு. செங்கட்டிகளுக்குப் பொருந்தும், நான்முகியைக் கட்டம் என்றால் கண்ணுக்கு உறுத்தும். துண்டுக்குக் 'கண்', பகுக்கும் வேலைக்குக் 'கண்பகுப்பு' போதும். துண்டுகள் சந்திக்கும் புள்ளிக்கு, அதாவது ஆங்கிலத்தில் 'நோட்' என்பதற்கு, மூங்கிலில் உள்ள 'கணு' இருக்கிறது. அதைப் போய் 'முனையம்' என்று மொழிபெயர்த்தவர், மின்சாரம் ஊட்டும் இடத்துக்கு என்ன சொல் மிச்சம் வைத்திருக்கிறார்?