வடக்கு தெரியாத திசைகாட்டி

ஏற்காட்டில் காப்பி பூக்கும் நாட்களில் தோட்டத்துக்குள் நடந்தால், செடியை விட்டுவிட்டு மேலே சில்வர் ஓக் மரத்தைப் பாருங்கள். மெல்லிய குரலில் விடாமல் பேசியபடி ஒரு குருவிக் கூட்டம் கிளைக்குக் கிளை தாவிப் போகும். மஞ்சளும் பச்சையும் கலந்த உடம்பு; கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு இழுத்தது போல ஒரு வளையம். வெள்ளைக்கண்ணி. நம்மூர் வெள்ளைக்கண்ணி நெடுந்தூர வலசை போவதில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவின் தென்கோடியில், டாஸ்மேனியாவில், இதற்கு ஒரு பங்காளி உண்டு. அது குளிர்காலத்துக்கு வடக்கே போகிறது.

வடக்கே என்றதும் இடிக்கிறது அல்லவா? ஐப்பசி வாக்கில் ஏற்காடு ஏரிக்கரையில் வாலை ஆட்டிக்கொண்டு திரியும் சாம்பல் வாலாட்டி, வடக்கிலிருந்து குளிருக்குத் தப்பி வந்ததுதானே!

பூமத்திய ரேகைக்குத் தெற்கே பருவம் தலைகீழ். நம் சித்திரை அங்கே இலையுதிர்காலம். ஜூன், ஜூலையில் குளிர். பகல் சுருங்குவதைக் குருவியின் மூளை கண்டுகொள்ளும். தீனி கூடும், கொழுப்பு ஏறும். அப்புறம் சுமார் 12 கிராம் எடையுள்ள அந்தக் குருவி, டாஸ்மேனியாவுக்கும் ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் நடுவே 240 கிலோமீட்டர் அகலத்தில் கிடக்கும் பாஸ் நீரிணையைத் தாண்டி, வடகிழக்கு மாநிலமான குவீன்ஸ்லாந்து வரைக்கும்கூடப் போகும். (நம் தோட்டத்து சில்வர் ஓக்கின் சொந்த ஊரும் அந்தப் பக்கம்தான்.) எல்லாமே கிளம்புவதில்லை, சில அங்கேயே குளிரைச் சமாளிக்கும்.

சரி, வழி எப்படித் தெரிகிறது? ஒரு தையல் ஊசியை நூலில் கட்டிச் சமமாகத் தொங்கவிட்டு, அப்புறம் காந்தத்தில் தேய்த்துப் பாருங்கள். சேலத்தை ஒட்டிய கஞ்சமலைப் பக்கம் வேண்டாம். அங்கே பாறையிலேயே காந்த இரும்புத் தாது. சேலத்தில் ஊசி வடக்கே திரும்பி, அந்த முனை லேசாகத் தரையை நோக்கித் தாழும். டாஸ்மேனியாவில் அதே முனை வானத்தைப் பார்த்து, 70 பாகைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும்.

பறவை படிப்பது இந்தச் சாய்வைத்தான். எந்த முனை வடக்கு என்பது அதற்குத் தெரியாது. ஊசி சாய்ந்து நிற்கும் கோடுதான் பூமியின் காந்தக் கோடு. அது மண்ணுக்குள் இறங்கும் பக்கம் துருவம். மேலே ஏறும் பக்கம் பூமத்திய ரேகை. வட, தென் அரைக்கோளம் இரண்டுக்கும் இதே கணக்கு.

ஜெர்மனியின் வில்ட்ஷ்கோ தம்பதி 1972-இல் ஐரோப்பிய ராபின் பறவையிடம் இதைக் காட்டினார்கள். வலசைக் காலத்தில் பறவை கூண்டில் இருந்தாலும், போகவேண்டிய திசைப் பக்கமே தத்திக்கொண்டிருக்கும். வடக்கை மாற்றாமல், மின்சாரம் பாயும் கம்பிச் சுருள்களால் காந்தக் கோட்டின் சாய்வை மட்டும் புரட்டினார்கள். பறவைகள் எதிர்த்திசைக்குத் திரும்பின. பிறகு நம் டாஸ்மேனியப் பங்காளியும் அப்படியே செய்தது. இன்னொரு வேடிக்கை: பச்சை வெளிச்சத்தில் சரியாகத் திசை பிடித்த அது, சிவப்பு வெளிச்சத்தில் தடுமாறியது. இந்தத் திசைகாட்டி கண்ணுக்குள் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருத அதுவும் ஒரு காரணம்.

பங்குனி, சித்திரையில் ஏரிக்கரை வாலாட்டி முட்டையிட ஊர் திரும்பும். பூமத்திய ரேகையை விட்டு விலகிப் போ என்பது அதற்கு வரும் கட்டளை. அதே நாட்களில் டாஸ்மேனியக் குருவிக்கு வருவதோ, பூமத்திய ரேகையை நோக்கிப் போ என்பது. இரண்டும் வடக்கேதான் பறக்கின்றன.