பரிசைத் துணியில் பொதிவது: ஃபுரோஷிகியில் கை தவறும் இடங்கள்

பளபளக்கும் பரிசுத்தாளைக் கையில் கசக்கிப் பாருங்கள். விட்டதும் விரிந்துகொண்டால் அதில் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. பழைய தாளோடு போட்டாலும் கூழாக்க உதவாது. ஒரு முறை கிழிபடுவதற்கென்றே செய்த பொருள் அது. ஜப்பானில் இந்த வேலையை ஃபுரோஷிகி என்னும் சதுரத் துணி நெடுங்காலமாகச் செய்துவந்திருக்கிறது. நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டுப் பொதிதுணிகள் இன்னும் இருக்கின்றன. பிளாஸ்டிக் பை வந்து ஓரங்கட்டிய ஃபுரோஷிகியை, 2006இல் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் யூரிகோ கோய்கே, பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில் மறுசுழற்சி இழையில் செய்து காட்டி மறுபடி பேசவைத்தார்.

முதலில் அளவு. துணியின் மூலைவிட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் பெட்டியின் நீளம் அடங்க வேண்டும். 50 செ.மீ. துணிக்கு 23 செ.மீ. வரை, 70 செ.மீ. துணிக்கு 33 செ.மீ. வரை. புதிதாக வாங்குபவர்களுக்கு 70 செ.மீ. அளவையே சொல்வோம், புத்தகம், இனிப்புப் பெட்டி, பாட்டில் மூன்றுக்கும் அதுவே போதும். நெய்த துணிதான் வேண்டும். மூலைகளைக் குறுக்குவாக்கில் இழுக்கும்போது அது கொஞ்சம் நெகிழ்ந்து பொருளை இறுகப் பிடிக்கும். டி-ஷர்ட் துணி எல்லாப் பக்கமும் இழுபட்டுத் தொங்கிவிடும். கஞ்சி விறைப்போடு இருக்கும் புதுப் பருத்தியில் முடிச்சு நிற்காது. ஒரு முறை அலசிக் காயவைத்த பிறகு எடுங்கள். சிரிமென் என்னும் சுருக்கப் பட்டுத் துணியை மட்டும் தண்ணீரில் போட வேண்டாம், சுருங்கிவிடும்.

பெட்டிக்கு எளியது ஒத்சுகாய் த்சுத்சுமி என்னும் பொதியும் முறை. துணியின் உள்பக்கம் மேலே தெரிய, ஒரு மூலை உங்களைப் பார்க்குமாறு விரித்து, பெட்டியை நடுவில் வையுங்கள். உங்கள் பக்க மூலையைப் பெட்டியின் மேல் போட்டு மிச்சத்தை அடியில் செருகுங்கள். எதிர்மூலையை அதன் மேல் கொண்டுவாருங்கள். இடது, வலது மூலைகளைச் சுருக்கம் நீவிப் பிடித்து நடுவில் முடியுங்கள்.

பெரும்பாலும் தவறுவது இந்த முடிச்சில்தான். தேவை மாமுசுபி என்னும் சதுர முடிச்சு. இடது முனையை வலது முனையின் மேல் போட்டு, அடியில் நுழைத்து இறுக்குங்கள். இப்போது அந்த முனை வலப்பக்கம் வந்திருக்கும். அதையே இடப்பக்கம் இருப்பதன் மேல் போட்டு மறுபடி அடியில் நுழையுங்கள். இரண்டாம் சுற்றிலும் பழக்கத்தில் இடதை வலதின் மேல் போட்டுவிட்டால் ததேமுசுபி என்னும் தவறான முடிச்சு ஆகிவிடும். பார்த்த உடனே தெரியும்: சரியான முடிச்சில் வெளியே நீட்டியிருக்கும் இரு முனைகளும், அதாவது காதுகளும், இடமும் வலமுமாகப் படுத்திருக்கும், தவறியதில் மேலும் கீழுமாக நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்தது பாரம் ஏற ஏற வழுக்கும், அவிழ்க்கவும் வராது.

மாமுசுபியை நகத்தால் நோண்டவே வேண்டாம். வலது காதைப் பிடித்து முடிச்சைத் தாண்டி இடப்பக்கமாக விசையோடு இழுங்கள், அதன் அடித்துணியை மற்றக் கையால் வலப்பக்கம் பிடித்தபடி. அந்தப் பக்கம் நேராகிவிடும். அதைச் சுற்றியிருக்கும் மற்றொரு முனையைப் பிடித்து உருவினால் கழன்று வந்துவிடும். துணியில் ஒரு இழை பிரியாது.

இரண்டு பாட்டில்களுக்கு, அடிப்பாகங்கள் ஒன்றையொன்று பார்க்க, துணியின் ஒரு மூலையருகே சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் கிடத்தி, எதிர்மூலை வரை உருட்டி, இரண்டையும் நிமிர்த்தி, மேலே முனைகளை முடியுங்கள். இடைவெளியை மறந்தால் நிமிர்த்தவே முடியாது. கண்ணாடி ஒன்றோடொன்று மோதும்.

ஒவ்வொரு பரிசுக்கும் புதுப் பாலியெஸ்டர் துணி வாங்கிக் கொடுத்துவிட்டு வருவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஜப்பானிய முறைப்படி, கொடுப்பவரே பெற்றுக்கொள்பவர் முன் பொதியை அவிழ்த்து, பரிசை இரு கைகளாலும் நீட்டி, துணியை மடித்துத் தன்னோடு எடுத்துச் செல்வார். துணியையும் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால், வாங்குபவர் கத்தரி தேடுவதற்குள் முடிச்சை அவிழ்க்கும் விதத்தை அவருக்குச் செய்து காட்டிவிடுங்கள்.