பள்ளத்துப் பக்கம் ஆடாத பிள்ளைகள்

"சேர், அடுத்த மாசம் கோயில் திருவிழாவுக்கு மேட்ச் இருக்கு. ஒரு மாசம் மட்டும் வந்து பிள்ளைகள ரெடி பண்ணிக் குடுங்க. இந்தக் கப்ப எடுத்துட்டாப் போதும்."

இலங்கை மலையகத்தில் உதைபந்தாட்டம் சொல்லிக்கொடுக்கிற எல்லாருக்கும் பழக்கமான அழைப்பு இது. ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத் தோட்டங்களில் இருபது வருடமாகப் பயிற்றுவிக்கிறேன். எனக்கு வருடத்துக்கு நாலைந்து தடவையாவது வரும். ஒரு மாதத்தில் பிள்ளைகளை மூச்சு வாங்காமல் ஓட வைக்கலாம். கோர்னர் அடிக்கும்போது யார் எங்கே நிற்பது என்று காட்டலாம். கப் கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் அடுத்த வருடம் அதே தலைவர் வேறொரு கோச்சுக்கு அதே அழைப்பை எடுப்பார். அவர் வந்து நான் சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்லுவார். நடுவில் குழம்பி நிற்பது பிள்ளைகள்தான்.

ஒரு தோட்டத்து மைதானத்தைச் சொல்கிறேன். மேலே தொழிலாளர்கள் குடியிருக்கிற லயமும் கோயிலும். கீழே நேராகத் தேயிலைச் சரிவு, அதற்கும் கீழே ஆறு. கழகத்திடம் இருந்தது இரண்டே பந்து. பந்து சரிவில் உருண்டுவிட்டால் தேயிலைச் செடிக்குள் இறங்கித் தேட வேண்டும், மழைக்காலம் என்றால் அட்டை வேறு. தேடிக்கொண்டு ஏறி வரப் பத்து நிமிடம் போய்விடும். சில நாள் பந்து கிடைக்கவே கிடைக்காது. சரியான கோல் கம்பமும் ஒரு முனையில்தான் இருந்தது, மறுமுனையில் இரண்டு கல். அதனால் பயிற்சியில் எல்லாரும் அந்த ஒரே கோலுக்குத்தான் அடிப்பார்கள். அதைப் பார்த்து நின்றால் மேடு வலது கைப்பக்கம், பள்ளம் இடது கைப்பக்கம்.

அந்தப் பிள்ளைகள் வலது பக்கம் அவ்வளவு அழகாக ஆடினார்கள். "எங்க கழகத்து ஆட்டமே இதுதான் சேர், எங்க காலத்துலயும் இப்படித்தான்" என்று பெரியவர்கள் பெருமையோடு சொன்னார்கள். நானும் முதல் வருடம் அதை நம்பினேன். நோர்வூட்டில் சமதரையில் ஒரு போட்டிக்குப் போனபோதுதான் விஷயம் விளங்கியது. கால் மணி நேரத்துக்குள் எதிரணி வலது பக்கத்தை அடைத்துவிட்டது. இடது பக்கம் முழுக்க வெட்டவெளி. நம் பிள்ளை ஒருவன் பந்தோடு அந்த வெளியைப் பார்க்கிறான், பார்த்துவிட்டு மறுபடியும் கூட்டத்துக்குள்ளேயே திரும்புகிறான். நாலு கோல் வாங்கினோம். பஸ்ஸில் வரும்போது அவனிடம், "ஏன் தம்பி அந்தப் பக்கம் போகல?" என்று கேட்டேன். "தெரியல சேர், அந்தப் பக்கம் போனா பந்து போயிரும்" என்றான். அந்தச் சமதரையில் பந்து எங்கே போகும்? இரண்டு தலைமுறையாகப் பாரம்பரியம் என்று சொல்லிவந்தது, பந்து தொலைந்துவிடும் என்கிற பயம்.

பயிற்றுவிப்பாளர் யோசிக்காமல் விட்டால் கழகத்தின் ஆட்டத்தை மைதானம் தீர்மானிக்கும், கையிலிருக்கிற காசு தீர்மானிக்கும். யாரோ ஒருவர் உட்கார்ந்து, "நாம் இப்படித்தான் ஆடப்போகிறோம்" என்று முடிவெடுத்து, பத்து வயதுப் பிள்ளையிலிருந்து தொடங்க வேண்டும். உலகத்தில் பேர் எடுத்த கழகங்கள் அப்படித்தான் வந்தன. நெதர்லாந்தின் அயாக்ஸ் கழகத்தில் ஜாக் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1915இல் தொடங்கி, இடைவெளிகளோடு 1947 வரை பயிற்றுவித்தார். அவரிடம் ஆடியவர் ரினுஸ் மிஹெல்ஸ். மிஹெல்ஸ் 1965இல் அதே கழகத்துக்குப் பயிற்றுவிப்பாளராக வந்தார். அவரிடம் வளர்ந்த யொஹான் க்ரைஃப் 1988இல் பார்சிலோனாவுக்குப் பயிற்றுவிப்பாளரானார். க்ரைஃபின் அணியில் நடுக்களத்தில் ஆடிய குவார்டியோலா 2008இல் அதே பொறுப்புக்கு வந்தார். இன்று பிள்ளைகள் போனில் பார்த்து வாயைப் பிளக்கிற அந்தச் சின்னச் சின்னப் பாஸ் ஆட்டம், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு இப்படி வந்ததுதான்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு உதாரணம் உண்டு. இந்திய அணியை 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வெல்ல வைத்த ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். பந்தைத் தானே வெட்டிக்கொண்டு ஓடுவதுதான் திறமை என்று எல்லாரும் நினைத்த காலத்தில், பந்தைப் பகிர்ந்து ஆடப் பழக்கினார். வராத காலால் ஆடவும் பழக்கினார். அதைப் படித்த பிறகுதான் எங்கள் மைதானத்துக்கு என்ன செய்வதென்று எனக்குப் பிடிபட்டது.

கமிட்டியிடம் அந்த வருடம் ஜேர்சி வேண்டாம் என்றேன். ஆறு பந்தும், மரக்கறித் தோட்டத்துக்குப் போடுகிற வலையும் வாங்கிக் கேட்டேன். முணுமுணுப்பு வந்தது, வாங்கியும் தந்தார்கள். பள்ளத்து ஓரமாகக் கம்பு நட்டு வலையைக் கட்டினோம். மூன்று மாதம் பயிற்சி முழுக்க அந்த ஓரத்தில்தான், இடது காலில்தான். முதல் சில வாரம் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வீட்டுக்காரர்கள் வந்து, "நல்லா ஆடுன பிள்ளைய இப்படிக் கெடுத்துட்டீங்களே" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆட்டம் மாறும்போது முதலில் தோற்கத்தான் செய்யும், அதைத் தாங்கக் கமிட்டிக்குப் பொறுமை வேண்டும். அலெக்ஸ் பேர்கசன் இங்கிலாந்தின் மென்செஸ்டர் யுனைட்டட் கழகத்துக்குப் பயிற்றுவிப்பாளராக வந்தது 1986இல், அங்கே அவர் எடுத்த முதல் லீக் பட்டம் 1993இல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் என் மனதைப் பல வருடமாக அரிப்பது. பெயர் வேண்டாம், வேறொரு கழகம். எனக்கு முன்னால் அங்கே இருந்தவர், "முதல் பத்து நிமிஷத்துல அவன்ட நல்ல பிளேயர்ட கால எடு" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் போன முதல் போட்டியிலேயே பதினைந்து வயதுப் பையன் ஒருவன் எதிரணிப் பிள்ளையின் கணுக்காலில் உதைத்தான். அவன் விழுந்து துடிக்கிறான். உதைத்தவன் அவனைப் பார்க்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தான். நான் சிரிக்கிறேனா, முறைக்கிறேனா என்று பார்த்தான். அந்த இடத்தில் நான் பேசாமல் நின்றிருந்தால் போதும், அதுதான் அந்தக் கழகத்தின் வழக்கமாகத் தொடர்ந்திருக்கும். அவனை வெளியே கூப்பிட்டுக் கடைசி வரைக்கும் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். தோற்றோம். அடுத்த வாரத்திலிருந்து என்னைக் கூப்பிடவில்லை, பஸ் காசும் தரவில்லை. அந்தப் பையனுக்காகத்தான் இன்னும் வருத்தப்படுகிறேன். அவனைப் பழக்க ஒரு நாள்தான் கிடைத்தது.

பெற்றோரும் கமிட்டிக்காரர்களும் கோச்சைத் தேடும்போது கப் வருமா என்று கேட்பதற்கு முன்னால், பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். மூன்று வருடத்துக்குப் பேசுங்கள். தோட்டத்துப் பையன் ஒருவரைத் துணைக்கு விடுங்கள், கோச் போனாலும் அவர் இருப்பார். அப்புறம், ஒரு கொப்பி போடுங்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்தில் பயிற்றுவிப்பாளராக இருந்த ஷாங்க்லியும் அவரோடு இருந்த உதவியாளர்களும் ஒவ்வொரு நாள் பயிற்சியையும் எழுதி வைத்தார்கள். 1974இல் ஷாங்க்லி விலகியபோது அந்த உதவியாளர்களில் ஒருவரான பாப் பெய்ஸ்லியே பொறுப்பேற்று மூன்று ஐரோப்பியக் கிண்ணம் எடுத்தார். நமக்கு அது இன்னும் அவசியம். நம் பிள்ளைகள் பதினேழு, பதினெட்டு வயதில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விடுகிறார்கள். வருடா வருடம் பாதி அணி காலி.

அந்த வலை கட்டிய மைதானத்தில் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு பழக்கம் உண்டாக்கிக்கொண்டார்கள். வலது பக்கம் ஆள் இருந்தால் "மேடு" என்று கத்துவார்கள், இடது பக்கம் என்றால் "பள்ளம்". நான் சொல்லிக்கொடுத்ததில்லை. போன சித்திரைப் புத்தாண்டு லீவுக்குக் கொழும்பிலிருந்து வந்த பழைய பிள்ளை ஒருவன் சின்னவர்களோடு சேர்ந்து டவுனில் ஒரு போட்டி ஆடினான். மேசை மாதிரி சமதரை. வலது பக்கம் மூன்று பேர் அவனை மடக்கிவிட்டார்கள். இடது ஓரத்திலிருந்து பதின்மூன்று வயதுப் பொடியன் ஒருவன், "அண்ணே, பள்ளம்!" என்று கத்தினான். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, இடது காலால் பந்தை அந்தப் பக்கம் அனுப்பினான்.